அளவு எடுப்பதற்கு முன் ஒரு தாள்: பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் தனியார் பல் மருத்துவமனை நடத்தும் டாக்டர்களுக்கு,

வணக்கம். நாங்கள் டென்டல் லேபில் வேலை செய்பவர்கள். நீங்கள் நோயாளியின் வாயில் எடுத்து அனுப்பும் அளவில் (பல்லும் ஈறும் பதிந்த பதிவில்) கல்மாவு ஊற்றி அச்சு எடுப்பதும், மெழுகில் பல் அடுக்குவதும், உலோகம் வார்த்துப் பீங்கான் சுடுவதும் எங்கள் வேலை. நோயாளியின் முகம் எங்களுக்குத் தெரியாது. அவருடைய வாய் மட்டும் அச்சாக எங்கள் மேசைக்கு வரும். கூடவே ஒரு சீட்டு வரும்: "பி.எஃப்.எம்., மூன்று யூனிட், ஏ2, அவசரம்."

உலோகத்தின்மேல் பீங்கான் வைத்த பல், மூன்று பல் அளவு, ஏ2 என்ற நிறம், சீக்கிரம் வேண்டும் என்று அர்த்தம். அந்த நாலு சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதர் பத்துப் பதினைந்து வருடம் வாழப்போகும் முடிவு இருக்கிறது. அவருக்கு வேறு என்னென்ன வழிகள் சொல்லப்பட்டன, ஏன் இது தேர்வானது, எத்தனை வருடம் தாங்கும் என்று அவரிடம் சொன்னீர்களா என்பது சீட்டில் இல்லை. பெரும்பாலும் நோயாளியின் கையிலும் இல்லை. அவர் கையில் இருப்பது ஒரு தொகை மட்டும். "பல் கட்ட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார், "பன்னிரண்டாயிரம்" என்ற பதிலோடு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். அளவு எடுப்பதற்கு முன் ஒரே ஒரு தாளில், தமிழில், இந்த வாய்க்கு உள்ள வழிகளை எழுதிக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இன்றைய செலவு, எதிர்பார்க்கும் ஆயுள், இடையில் செய்யவேண்டிய பராமரிப்பு இவை இருக்கட்டும். கடைசியாக, அது பழுதாகும் நாளில் வாயில் என்ன மிச்சம் இருக்கும் என்பதையும் எழுதுங்கள். நோயாளிகள் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தெரியாது. உண்மையான செலவு அதற்குள்தான் இருக்கிறது.

வழக்கமாக வரும் ஒரு வாயை எடுத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயது. கீழ்வரிசையில் வலப்பக்கம் முதல் கடைவாய்ப் பல் இல்லை. முன்னும் பின்னும் உள்ள பற்கள் சொத்தை இல்லாமல் நன்றாக இருக்கின்றன.

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் விடுவது. இதைத் தாளில் எழுத நிறையப் பேர் தயங்குகிறீர்கள். "பக்கத்துப் பல் சாய்ந்துவிடும், மேல் பல் இறங்கிவிடும்" என்று சொல்வது பொய்யில்லை. ஆனால் எல்லோருக்கும் அது நடப்பதில்லை, நடந்தாலும் மெதுவாகத்தான் நடக்கும். நெதர்லாந்தின் பல் மருத்துவ ஆய்வாளர் கைசர் 1981-லேயே எழுதிவிட்டார்: முன்பற்களும் சிறு கடைவாய்ப் பற்களும் ஒழுங்காகச் சந்தித்தால், பின்னால் உள்ள பெரிய கடைவாய்ப் பற்கள் இல்லாமலே பலரால் சாப்பிட முடியும் என்று. எண்பது வயதில் இருபது சொந்தப் பல் என்று ஜப்பான் 1989-ல் தொடங்கிய இயக்கம் கேட்டதும் இருபதுதான், முப்பத்திரண்டு அல்ல. போனது கடைசிக் கடைவாய்ப் பல்லாக இருந்தால் விட்டுவிடுவதே பல நேரம் சரியான வைத்தியம். முதல் கடைவாய்ப் பல் அப்படியில்லை, மெல்லும் பாரம் அதன்மேல்தான் அதிகம் விழும். ஆனாலும் பணம் இல்லாதவர் கடன் வாங்கி அவசரப்பட வேண்டியதில்லை. மேல் கீழ் இரண்டுக்கும் ஆய்வு அச்சு எடுத்து, தேதி போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொன்று எடுத்து ஒப்பிட்டால் பல் நகர்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். சில நூறு ரூபாய்தான் செலவு.

இரண்டாவது, கழற்றி மாட்டும் பல். அக்ரிலிக்கில் ஒரு பல் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ரூபாய். இது தற்காலிகம் என்று சொல்லியே கொடுங்கள். அக்ரிலிக் தகடு ஈறின்மேல்தான் உட்காரும். மெல்லும்போது அழுந்தும், பக்கத்துப் பல்லின் கழுத்தில் உணவு தேங்கும். இப்போது அதிகம் கேட்கப்படுவது வளையும் நைலான் தகடு. கம்பி தெரியாது, உடையாது, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஈறு வற்றித் தளர்ந்தால் அக்ரிலிக்கைப் போல உள்பக்கம் புதுப் பூச்சு போட்டுச் சரிசெய்வது சிரமம். இன்னொரு பல் போனால் அதே தகட்டில் சேர்ப்பதும் கடினம், பெரும்பாலும் புதிதாகத்தான் செய்யவேண்டி வரும். மூன்று நாலு பற்கள் இல்லாதவருக்கு, வாங்க முடிந்தால், கோபால்ட்-குரோமியத்தில் வார்த்த தகடு இவற்றைவிட மேல். அது பாரத்தின் ஒரு பகுதியைப் பல்லுக்கே கொடுக்கும். அதற்குக் கடைவாய்ப் பல்லின் மேல் சிறு பள்ளம் வெட்டி இடம் செய்து அனுப்ப வேண்டும். இடம் வெட்டாமல் வரும் அளவில் நாங்கள் வார்த்தால் உலோகம் பல்லின்மேல் ஏறி நிற்கும், கடி உயரும், ஒரு வாரத்தில் நோயாளி அதைக் கழற்றி டம்ளரில் போட்டுவிடுவார்.

மூன்றாவது பிரிட்ஜ், அதாவது இருபக்கப் பற்களையும் ராவி, அவற்றின்மேல் கேப் (உறை) மாட்டி, நடுவில் ஒரு பொய்ப் பல்லைத் தாங்கவைப்பது. எங்கள் மேசைக்கு அதிகம் வருவது இதுதான், திரும்பி வருவதும் இதுதான். உலோகத்தின்மேல் பீங்கான் ஒரு யூனிட் 3,000 முதல் 6,000 வரை, ஜிர்கோனியா என்ற உறுதியான வெள்ளைப் பீங்கான் 7,000 முதல் 15,000 வரை என்று ஊருக்கு ஊர் கேட்கிறார்கள். ஒரு பல்லுக்கு மூன்று யூனிட் என்பதை நோயாளி பல நேரம் பணம் கட்டும்போதுதான் தெரிந்துகொள்கிறார். அதைவிடப் பெரிய விஷயம், அந்த இரண்டு நல்ல பற்களை ராவுவது. மேலே ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர், சுற்றிலும் ஒன்று முதல் ஒன்றரை. அந்த எனாமல் திரும்ப வளராது. ராவிய பல் கூச்சம் கண்டு ரூட் கேனால் வரை போவதும் உண்டு. இந்தச் சாத்தியத்தைத் தாளில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

குறைவாக ராவினால் பல் பிழைக்கும் என்ற நல்லெண்ணத்தில் சிலர் ஒரு மில்லிமீட்டரோடு நிறுத்திவிடுகிறீர்கள். உலோகத்துக்கு 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் போனால் மீதிக்குள் உலோக நிறத்தை மறைக்கும் பூச்சும் பீங்கானும் அடங்க வேண்டும். இடம் போதாவிட்டால் எங்களுக்கு இரண்டு வழிதான் மிச்சம்: பல்லைத் தடியாகச் செய்வது, அல்லது பீங்கானை மெல்லியதாக்குவது. தடித்தால் ஈறு வீங்கும். மெலிந்தால் பல் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும், பீங்கானும் பெயரும். ஜிர்கோனியாவில் வேறு ஒரு சிக்கல். நடுப் பல்லைத் தாங்கு பல்லோடு சேர்க்கும் இணைப்புக்குக் கடைவாய்ப் பக்கம் குறைந்தது ஒன்பது சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு வேண்டும். தாங்கு பல் குட்டையாக இருந்தால் அந்த உயரம் கிடைக்காது. அப்படி வரும் அளவைத் திருப்பி அனுப்பினால் "நீங்க பாத்துப் பண்ணுங்க" என்ற பதில் வருகிறது. பண்ணலாம்தான். ஆனால் உடைவது அந்த இணைப்பில்தான்.

பிரிட்ஜ் பழுதாகும் விதத்தைப் பாருங்கள். வெட்டி எடுத்துத் திரும்பி வரும் பிரிட்ஜுகளில் பல, முன்பக்கத் தாங்கு பல்லில் இறுக்கமாகவும் பின்பக்கத்தில் உள்ளே கறுத்தும் இருக்கும். ஒரு முனையில் சிமெண்ட் கரைந்து விட்டுவிடுகிறது. மறுமுனை பிடித்துக்கொண்டிருப்பதால் பிரிட்ஜ் ஆடுவதில்லை. எச்சிலும் உணவும் உள்ளே போய் வர, கேப்புக்கு அடியில் பல் சத்தமில்லாமல் அரிக்கிறது. வலி வரும்போது பல் இருப்பதில்லை. இதற்கு முன்னறிகுறிகள் உண்டு: ஒரு பக்கம் மட்டும் கெட்ட வாடை, விரலால் அழுத்தினால் கேப் ஓரத்தில் எச்சில் குமிழி, இனிப்புப் பட்டால் சுள்ளென்ற கூச்சம். இந்த மூன்றையும் தாளில் எழுதிக் கொடுத்தால் நோயாளி அடுத்த நாளே வருவார், பல்லும் பிழைக்கும். நடுப் பல்லுக்கு அடியில் நுழைத்துச் சுத்தம் செய்யும் சிறு பிரஷை வாங்கச் சொல்லி, கண்ணாடி முன் ஒரு முறை செய்து காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல் பிடுங்கிப் பத்தே நாளில் பிரிட்ஜுக்கு அளவு வருகிறது. ஈறு இன்னும் ஆறவில்லை. அந்த அச்சில் நாங்கள் நடுப் பல்லை ஈறோடு ஒட்டச் செய்தாலும், இரண்டு மூன்று மாதத்தில் ஈறு வற்றி அடியில் சந்து விழும். அப்புறம் சாப்பிடுவதெல்லாம் அங்கே போய்ச் சேரும். தற்காலிகப் பல் கொடுத்துக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

நான்காவது இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் உலோக வேர் ஒன்றைப் பதித்து அதன்மேல் பல் வைப்பது. பக்கத்துப் பற்கள் நன்றாக இருக்கும் இந்த வாய்க்கு, எலும்பும் பணமும் இருந்தால், நாங்கள் முன்னே வைப்பது இதைத்தான். 1965-ல் ஸ்வீடனில் பிரானமார்க் என்ற டாக்டர் தன் முதல் நோயாளிக்குப் பொருத்திய டைட்டானியம் வேர்கள் அவர் வாயில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. இன்றும் ஒழுங்காகச் செய்து ஒழுங்காகப் பராமரித்தால் பத்து ஆண்டு கழித்து நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிலைத்து நிற்கின்றன. ஆனால் "இம்ப்ளான்ட் பதினைந்தாயிரம்" என்ற விளம்பரத் தொகை பல இடங்களில் எலும்புக்குள் போகும் திருகுக்கு மட்டும்தான். அதன்மேல் உட்கார்ந்து கேப்பைத் தாங்கும் அபட்மென்ட், கேப், முப்பரிமாண ஸ்கேன், எலும்பு குறைவென்றால் எலும்புத் தூள், இடைக்காலப் பல் எல்லாம் தனித்தனி. எல்லாம் சேர்த்து 25,000 முதல் 50,000 வரை போகும். தாளில் ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதுங்கள். கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதம், மேல்தாடையில் நான்கு முதல் ஆறு மாதம் எலும்பு பிடிக்கக் காத்திருக்க வேண்டும் என்பதையும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலோ புகை பிடித்தாலோ தோல்வி கூடும் என்பதையும், எலும்புத் தேய்வு மருந்து எடுப்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதையும் சேருங்கள்.

இம்ப்ளான்ட் டப்பாவில் ஒட்டுச்சீட்டு ஒன்று வரும். கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். அதை நோயாளியின் தாளில் ஒட்டிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்துத் திருகு தளர்ந்து கேப் ஆடினால், அந்தக் கம்பெனிக்கு உரிய ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் இறுக்க முடியாது. அவர் அதற்குள் மதுரையிலிருந்து ஓசூருக்குக் குடிபெயர்ந்திருந்தால், எக்ஸ்ரேயில் திருகின் மரையைப் பார்த்து எந்தக் கம்பெனி என்று ஊகிக்கும் வேலை அங்குள்ள டாக்டருக்கு வந்துவிடும். இரண்டு விரல்கடை ஒட்டுச்சீட்டு அதைத் தவிர்க்கும். முடிந்த இடத்தில் சிமெண்ட்டுக்குப் பதில் திருகால் பிடிக்கும் கேப்பைக் கேளுங்கள். ஈறுக்கடியில் மிஞ்சும் சிமெண்ட் துணுக்கு எலும்பைத் தின்னும் சீழுக்குக் காரணமாகிறது. திருகு முறையில் பிரச்சினை வந்தால் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டலாம்.

இப்போது கணக்கு. இன்றைய விலையிலேயே இருபது வருடத்துக்குப் போட்டுப் பார்ப்போம். பிரிட்ஜ் மூன்று யூனிட் 12,000. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு முறை மாற்றினால் இன்னொரு 12,000. நடுவில் ஒரு தாங்கு பல்லுக்கு ரூட் கேனால் 4,500. மொத்தம் 28,500. இம்ப்ளான்ட் 35,000, இருபது வருடத்தில் கேப்பை ஒரு முறை மாற்ற 8,000, ஆக 43,000. பணத்தில் பிரிட்ஜ்தான் மலிவு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிரிட்ஜ் தோற்கும்போது ஒரு தாங்கு பல்லும் சேர்ந்து போனால், ஒரு பல் இடைவெளி இரண்டு பல் இடைவெளியாகிவிடும். அடுத்த வேலை இரண்டு இம்ப்ளான்ட், அல்லது இன்னும் ஒரு நல்ல பல்லை ராவி நாலு யூனிட். இம்ப்ளான்ட் தோற்றால் எலும்பு கொஞ்சம் போகும், பக்கத்துப் பல் பெரும்பாலும் தப்பும்.

இதே கணக்கு வேறொரு வாயில் தலைகீழாகும். இரண்டு பக்கத்துப் பற்களுக்கும் ஏற்கெனவே ரூட் கேனால் ஆகி, எப்படியும் கேப் போட வேண்டும் என்றால், பிரிட்ஜ் என்பது ஒரே ஒரு யூனிட் கூடுதல் செலவுதான். அவரிடம் போய் இம்ப்ளான்ட்டை வற்புறுத்துவது நியாயமில்லை. இளவயதில் முன்பல் ஒன்று போனவருக்கு, பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒரே ஒரு சிறகை ஒட்டி நிறுத்தும் பல்லை மிகச் சிலரே கேட்கிறீர்கள். ராவுதல் அநேகமாக இல்லை. கழன்றால் திரும்ப ஒட்டலாம். தாடை வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு இதைவிட நல்லது இல்லை.

பிடுங்குவதா காப்பாற்றுவதா என்ற கேள்வியும் தாளில் வரட்டும். உடைந்த பல்லில் ஈறுக்கு மேல் சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் நல்ல பல் நின்றால், ரூட் கேனால் செய்து கேப் போட்டது நெடுநாள் உழைக்கும். அந்த விளிம்பு இல்லாத வேரில் கம்பி நட்டுக் கேப் போட்டு அனுப்பும் வேலைகள், கேப்பும் கம்பியும் ஒன்றாகக் கழன்று திரும்பி வருகின்றன. அந்த நோயாளி ரூட் கேனாலுக்கும் கேப்புக்கும் பணம் கட்டிவிட்டு, பிறகு பிடுங்கவும் கட்டுகிறார்.

முழுப் பல் செட் பற்றிச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. 10,000 முதல் 30,000 வரை வாங்கப்படும் இந்த வேலையில்தான் அதிகம் குறுக்குவழி நடக்கிறது. ஒழுங்கான செட்டுக்கு நோயாளி குறைந்தது ஐந்து முறை வர வேண்டும். முதல் அளவு எடுத்து, அதன் அச்சில் அந்த வாய்க்கென்றே ஒரு தட்டு செய்து, அதன் ஓரத்தைச் சூட்டில் இளகும் பச்சைக் குச்சியால் கன்னமும் நாக்கும் அசையும் எல்லைக்கு உருவாக்கி, அதற்கப்புறம்தான் இரண்டாவது அளவு. பிறகு கடி உயரம், மெழுகில் பல் அடுக்கி ட்ரையல், கடைசியாகப் பொருத்துதல். எங்களுக்கு வருவதில் பலவும் ஆல்ஜினேட்டில் (தண்ணீரில் குழைக்கும் அளவு மாவில்) எடுத்த ஒரே அளவு, ஈரப் பஞ்சில் சுற்றி பிளாஸ்டிக் பையில் போட்டு மாலை பஸ்ஸில் அனுப்பியது. ஆல்ஜினேட்டில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் கல்மாவு ஊற்ற வேண்டும். காய்ந்தால் சுருங்கும், அதிக ஈரத்தில் ஊதும். மூன்று மணி நேரப் பயணத்துக்குப் பின் அது யாருடைய வாயும் இல்லை. உங்கள் இடத்திலேயே ஊற்றி அச்சாக அனுப்புங்கள், அல்லது சிலிகானில் எடுங்கள்.

கடி உயரம் கூடினால் பேசும்போது செட் டக்டக் என்று அடிக்கும், தாடை வலிக்கும். குறைந்தால் முகம் சுருங்கி, வாயோரம் வெடித்துப் புண்ணாகும். ட்ரையல் நாளில் நோயாளியை 'ஸ' ஒலி அதிகம் வரும் சொற்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். அந்த நாளைத் தவிர்த்துவிட்டு "நேரா முடிச்சு அனுப்புங்க" என்று சீட்டில் எழுதாதீர்கள். மெழுகில் ஐந்து நிமிடத்தில் மாற்றுவதை அக்ரிலிக்கில் மாற்ற முடியாது.

கீழ்ச் செட்டைப் பற்றி நோயாளியிடம் முன்பே உண்மை சொல்லுங்கள். 1972-ல் வெளியான, டால்கிரென் என்ற ஆய்வாளரின் இருபத்தைந்து ஆண்டு ஆய்வு, பல் இல்லாத கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு தேய்வதைக் காட்டியது. அதனால் கீழ்ச் செட் ஆடும். உங்கள் கைவேலையும் எங்கள் கைவேலையும் குறைவில்லாமல் இருந்தாலும் ஆடும். ஐந்து முதல் ஏழு வருடத்தில் மாற்ற வேண்டும், நடுவில் உள்பூச்சு போட வேண்டும். கீழே இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதன்மேல் செட்டைப் பொத்தான் போலப் பிடிக்கவைப்பதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-லேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். மொத்த வாய்க்கும் நிரந்தரப் பல் என்று லட்சங்களில் பேசுவதற்கு முன், இந்த நடுவழியைத் தாளில் காட்டுங்கள். அதில் உள்ள ரப்பர் வளையம் அவ்வப்போது தேயும், மாற்ற வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

இதற்கும் வழியில்லாதவரை, அவர் கேட்காவிட்டாலும், 1953 முதல் இயங்கும் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள பல் கல்லூரிக்கோ அனுப்பிவைக்கலாம். அங்கே மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் குறைந்த செலவில் செய்கிறார்கள். நாள் அதிகம் ஆகும், ஆனால் எந்தப் படியையும் தாண்டமாட்டார்கள்.

வாரண்டி அட்டை பற்றியும் ஒரு சொல். ஜிர்கோனியாவுக்குப் பத்து, பதினைந்து வருடம் என்று அட்டை கொடுக்கிறோம். அது கேப் உடைந்தால் புதிதாகச் செய்து தருவதற்கு மட்டும். அடியில் பல் சொத்தையானால் அதற்குப் பொருந்தாது, உங்கள் கட்டணத்தையும் சேர்க்காது. நோயாளி அதைப் பல்லுக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறார். இந்த வித்தியாசத்தை அட்டை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

எங்கள் பக்கத்துத் தவறுகளையும் மறைக்க விரும்பவில்லை. விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்கும்போது, வார்த்து மிஞ்சிய உலோகக் கட்டியைப் புது உலோகம் போதிய அளவு சேர்க்காமல் திரும்ப உருக்கும் லேபுகள் உண்டு. அப்படி வார்த்ததில் பீங்கான் சரியாக ஒட்டாது. 74 டிகிரியில் பல மணி நேரம் வேகவேண்டிய அக்ரிலிக்கை நேரே கொதிநீரில் போட்டு அவசரமாக முடிப்பதும் நடக்கிறது. உள்ளே குமிழி விழும், வேகாத ரசாயனம் மிஞ்சி ஈறு எரியும். "அவசரம்" என்று சீட்டில் எழுதும்போது நீங்கள் கேட்பது சில நேரம் இதைத்தான். நாங்கள் இனி ஒவ்வொரு வேலையோடும் ஒரு பொருள் சீட்டு அனுப்புகிறோம். உலோகமா ஜிர்கோனியாவா, எந்தக் கம்பெனி, எந்த லாட், நிக்கல் உண்டா இல்லையா, எந்தத் தேதியில் செய்தது எல்லாம் அதில் இருக்கும். நிக்கல் ஒவ்வாதவர் கவரிங் தோடு போட்டாலே காது அரிக்கிறவர். அதை முன்கூட்டிக் கேட்டு எழுதினால் கோபால்ட்-குரோமியத்தில் வார்த்துத் தருகிறோம்.

அந்தப் பொருள் சீட்டை உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளாமல் நோயாளியிடம் கொடுங்கள், நீங்கள் எழுதிய தாளோடு சேர்த்துப் பின் அடித்து. நாளை அனுப்பும் முதல் பெட்டியின் சீட்டில், நிறமும் யூனிட்டும் எழுதிய கையோடு, "வழிகள் சொல்லப்பட்டன, தாள் கொடுக்கப்பட்டது" என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாமல் நல்ல பல்லை ராவிய மூன்று யூனிட் வந்தால், வார்ப்பதற்கு முன் உங்களுக்குப் போன் செய்து கேட்போம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
டென்டல் லேப் தொழிலாளர்கள் சிலர்